இன்டர்ன்ஷிப் சரி, வாடகை யார் கட்டுறது?

கேரளாவில் 2024-ல நாலு வருஷ டிகிரி வந்ததிலிருந்து இன்டர்ன்ஷிப்பும் பாடத்தோட சேர்ந்துடுச்சு. நல்ல விஷயம்தான். ஒழுங்கா ஒரு மெயில் எழுதுறது, தெரியாததைக் கூச்சப்படாம கேக்குறது, சொன்ன நாளுக்குள்ள முடிச்சுக் கொடுக்குறது... இதெல்லாம் பரீட்சை எழுதி வராதுங்க.

ஆனா மூணாறு, பீர்மேடு எஸ்டேட் லயத்துல இருந்து காலேஜ் போற நம்ம பிள்ளைகளை நினைச்சுப் பாருங்க. சம்பளமே இல்லாம ரெண்டு மாசம் கொச்சியிலோ பெங்களூர்லயோ தங்கணும்னா, வாடகையும் சாப்பாடும் அம்மா கொழுந்து பறிக்கிற கூலியிலதான் வரணும். கட்டுப்படியாகாது. தெரிஞ்சவர் கடையில ஒரு சர்டிபிகேட் வாங்கி ஒப்பேத்த வேண்டியதுதான்.

பக்கத்துல இடமே இல்லையா என்ன? இடுக்கியில மைலாடும்பாறை, பாம்பாடும்பாறை ரெண்டு ஊர்லயும் ஏலக்காய் ஆராய்ச்சி நிலையம் இருக்கு. புத்தடியில ஸ்பைசஸ் போர்டு மின் ஏலம் நடக்குது. பாலக்காடு கஞ்சிக்கோட்டுல தொழிற்பேட்டையே இருக்கு. 8 மி.மீ. காய்க்கு ஏன் கூடுதல் விலைன்னு ஏலத்துல பார்த்துக் கத்துக்கிறதும் வேலைப் படிப்புதான். இடுக்கி விவசாயியோட மலையாளத்துலயும் போடி வியாபாரியோட தமிழ்லயும் பேசுற பிள்ளைக்கு அங்கே மதிப்பு ஜாஸ்தி.

1961 அப்ரண்டிஸ் சட்டப்படி தொழில் பழகுறவங்களுக்கு உதவித்தொகை கட்டாயம். இன்டர்ன்ஷிப்புக்கு மட்டும் அந்த நியாயம் வேண்டாமா?

வெளியூர்ல நல்ல வேலையில இருக்கிற நாம ஒண்ணு செய்யலாம். நம்ம கம்பெனியில அடுத்த தடவை இன்டர்ன் எடுக்கும்போது, "ஸ்டைபண்ட் எவ்வளவு?"ன்னு முதல்ல கேப்போம். படிப்புக்கு ஏத்த இன்டர்ன்ஷிப், வசதிக்கு ஏத்த மாதிரி கிடைக்கக் கூடாது.