பாதியில் மனம் மாறும் பிள்ளைகள்



மே மாதம் பிளஸ் டூ முடிவுகள் வந்ததும் நம் வீடுகளில் ஒரே கேள்விதான்: பிள்ளையை எதில் சேர்ப்பது? கடன் வாங்கியோ நகையை அடகு வைத்தோ பணம் கட்டிவிடுகிறோம். அத்தோடு எதிர்காலம் முடிவாகிவிட்டது என்று நினைக்கிறோம். இரண்டாண்டு கழித்து, "இது எனக்கு ஒத்துவரவில்லை" என்று பிள்ளை சொன்னால் வீடே இடிந்துபோகிறது. காலேஜ் போய்க் கெட்டுவிட்டான் என்கிறோம்.

உண்மையிலேயே கெட்டுவிட்டானா?

நம் சிவகங்கை மறைமாவட்ட எல்லைக்குள் உள்ள இராமேசுவரத்தில் பிறந்தவர் அப்துல் கலாம். 1950இல் இயேசு சபையினரின் திருச்சி புனித வளனார் கல்லூரியில் சேர்ந்து, நான்கு ஆண்டுகள் விடுதியில் தங்கிப் படித்தார். பட்டம் வாங்கும் தறுவாயில்தான், தமக்கு உரியது இயற்பியல் அல்ல, பொறியியல் என்று உணர்ந்தார். சென்னை எம்.ஐ.டி.யில் இடம் கிடைத்தது. ஆனால் அதற்குத் தேவைப்பட்ட ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் தந்தையிடம் இல்லை. அக்காதான் தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். கவனியுங்கள், முதல் படிப்புக்காக அல்ல, தம்பி மனம் மாறிய பிறகு வைத்த அடகு அது!

எம்.ஐ.டி. வளாகத்தில் காட்சிக்கு வைத்திருந்த இரண்டு பழைய விமானங்கள் அவரை வானூர்திப் பொறியியலுக்கு இழுத்தன. விமானப் படையில் விமானியாக விரும்பி டேராடூன் சென்றார். எட்டு இடங்கள், அவருக்கு ஒன்பதாவது இடம். அந்தத் திட்டமும் மாறிப்போனது.

எல்லா மாற்றமும் இப்படிப்பட்டதல்ல. அரியருக்குப் பயந்து விடுகிறவனும் உண்டு, நண்பன் போனான் என்று பின்னால் போகிறவனும் உண்டு. பிடிக்காததை மட்டும் சொல்கிறானா, வேண்டியது எது என்றும் சொல்கிறானா என்று பெற்றோர் கேட்டுப் பார்க்கலாம். கலாமுக்கு இரண்டாவது தெரிந்திருந்தது.

பெண் பிள்ளை என்றால் இந்தப் பேச்சு வேறு திசையில் போகும். "பிடிக்கவில்லையா? படித்தது போதும், வரன் பார்ப்போம்." அதனாலேயே பிடிக்காத படிப்பை வாய் திறவாமல் முடிக்கும் மாணவியர் எத்தனையோ பேர்.

நம் கல்வி முறையும் இலேசில் வழி விடுவதில்லை. பதினைந்து வயதில் வணிகவியல் பிரிவு எடுத்த பிள்ளைக்குப் பொறியியல் கதவு பெரும்பாலும் அன்றே அடைபட்டுவிடுகிறது. ஆனால் கலாம் போன வழி இன்னும் முழுதாக மூடப்படவில்லை. பிளஸ் டூவில் கணிதம் படித்த பி.எஸ்சி. பட்டதாரிகள் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர முடியும். அதற்கான மாநிலக் கலந்தாய்வைப் பல ஆண்டுகள் நடத்தியதே காரைக்குடி அழகப்ப செட்டியார் அரசு பொறியியல் கல்லூரிதான். அந்தக் காரைக்குடிக்குத் தினமும் பேருந்து ஏறிப் படிக்கப் போகும் வலையபட்டிப் பிள்ளைகளின் வீடுகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?