உப்பில் ஒரு துளி

நமது சரீரம் பஞ்ச பூதங்களால் ஆனது என்றார்கள் பெரியோர்கள். ரசாயன சாஸ்திரிகளோ அதைத் தராசில் நிறுத்தே கணக்குச் சொல்லுகிறார்கள். 70 கிலோ எடையுள்ள மனிதரிடம் பிராணவாயு சுமார் 45 கிலோ. கரி 12 கிலோவுக்குச் சற்று மேல். ஹைட்ரஜன் 7 கிலோ. நைட்ரஜன் 2 கிலோ. சுண்ணாம்புச் சத்து ஒரு கிலோ. இரும்பு மொத்தம் 4 கிராம்தான். ஓர் ஆணி செய்யலாம். நாம் கொள்ளும் கர்வத்துக்கெல்லாம் கையிருப்பு இவ்வளவுதான்!

ஆனால் அந்த ஜாபிதாவின் கடைசியில் ஒரு சின்னப் பெயர் இருக்கிறது: அயோடின். நம் தேகத்தில் அது சுமார் 15 முதல் 20 மில்லிகிராம். சில கடுகுமணிகளின் எடைதான். அதில் பெரும்பாகம் கழுத்தின் முன்புறத்திலுள்ள தைராய்டு என்னும் சுரப்பியில் தங்கியிருக்கிறது. அயோடின் கிடைக்காவிட்டால் அந்தச் சுரப்பி வீங்கிக் கழலையாகிறது. அதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. கர்ப்பிணிக்கு இச்சத்து மிகவும் குறைந்தால், வயிற்றிலுள்ள குழந்தையின் மூளை வளர்ச்சி குன்றும். பிறந்த பிறகு எத்தனை டானிக் வாங்கிப் புகட்டினாலும் அந்த நஷ்டம் முழுதும் ஈடாகாது.

மலைப் பிரதேசங்களில் மழையும் பனியும் மண்ணிலுள்ள அயோடினை அரித்துச் சென்றுவிடுகின்றன. இமயத்தின் அடிவாரத்திலுள்ள காங்க்ரா பள்ளத்தாக்கில் கழலை நோய் மலிந்திருந்தது. 1956-ல் டாக்டர் ராமலிங்கஸ்வாமி முதலியோர் அங்கே ஒரு சோதனை தொடங்கினார்கள். பள்ளத்தாக்கை மூன்று பகுதிகளாகப் பிரித்து, இரண்டில் அயோடின் கலந்த உப்பும், ஒன்றில் சாதாரண உப்பும் வழங்கினார்கள். சில வருஷங்களில் முதல் இரண்டிலும் கழலை வெகுவாகக் குறைந்தது. அதன் பயனாக 1962-ல் தேசம் முழுவதற்குமான திட்டம் பிறந்தது.

"நாம் கடற்கரைச் சீமையார், கடல் உப்பிலேயே அயோடின் இருக்குமே!" என்று சிலர் சொல்லக் கேட்கிறோம். அது தப்பெண்ணம். உப்பளத்தில் விளையும் உப்பில் இயல்பாக உள்ள அயோடின் அற்ப சொற்பமே. தனியாகச் சேர்த்தால்தான் உண்டு. கல்லுப்பே உத்தமம் என்று வாங்கும் இல்லத்தரசிகள், அயோடின் சேர்த்தது என்று பையில் அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குவார்களாக. வாங்கியதை ஈரம் படாமல் மூடி வைக்க வேண்டும். கூடியவரை சமையலின் முடிவில் சேர்க்க வேண்டும். அயோடின் வேண்டுமென்று உப்பை அள்ளிப் போடுவதும் தவறு. ரத்தக் கொதிப்புக்கு அது வழி.

1930-ல் உப்புக்காகத் தண்டிக்கும் வேதாரண்யத்துக்கும் நடந்த தேசம் நம்முடையது. அன்று உப்பின் மீதிருந்த வரியை எதிர்த்தோம். இன்று உப்பினுள் இருக்க வேண்டிய சத்தைக் கேட்டு வாங்க, கடைத்தெரு வரை நடந்தால் போதும். ஒருவருக்கு ஆயுள் முழுவதற்கும் வேண்டிய அயோடின் ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. அதைக் கொடுக்க மறந்து, பிறகு பிள்ளையை மந்தம் என்று வைவது எந்த நியாயம்?