வீட்டுத் தோட்டம்: வேரிலே குடியிருக்கும் விருந்தாளி

சகோதரிகளே, கொல்லையிலோ தொட்டியிலோ அவரை, காராமணி போட்டிருக்கிறீர்களா? ஒரு செடியைப் பிடுங்கினால் வேரெல்லாம் கடுகும் மிளகுமாய் முடிச்சு தெரியும். எங்கள் தெருவில் கைக்குழந்தைக்காரி ஒருத்தி அதைப் பார்த்துவிட்டு, "அக்கா, நோய் வந்துடுச்சு!" என்று பதறி, மிச்சச் செடிகளையும் பிடுங்கப் போனாள். நல்லவேளை, தடுத்தேன்.

அது நோயில்லை. உள்ளே ரைசோபியம் என்ற நல்ல பாக்டீரியா குடியிருக்கிறது. நாம் சுவாசிக்கும் காற்றில் ஐந்தில் நாலு பங்கு நைட்ரஜன்தான். ஆனால் செடியால் அதை நேராக எடுத்துக்கொள்ள முடியாது. இந்த பாக்டீரியா அதைத் தழைச்சத்தாக மாற்றித் தருகிறது. பதிலுக்குச் செடி அதற்குச் சர்க்கரை தருகிறது. நல்ல கொடுக்கல் வாங்கல்!

ஒரு முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். நம் ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினுக்குச் சொந்தக்காரப் பொருள் ஒன்றுதான் அந்தச் சிவப்பு.

ஆனால் ஒரு எச்சரிக்கை. நல்ல முடிச்சு வேரின் பக்கத்தில் ஒட்டியிருக்கும். விரலால் தேய்த்தால் உதிர்ந்துவிடும். வேரே வீங்கி, தேய்த்தாலும் வராமல் இருந்தால் அது நூற்புழு. அந்தச் செடியை எடுத்துவிட வேண்டியதுதான்.

விதைக்கும் முறை: ரைசோபியம் பொட்டலம் வேளாண்மை விரிவாக்க மையத்தில் கிடைக்கும். எந்தப் பயிருக்கு என்று கேட்டு வாங்குங்கள், தேதியையும் பாருங்கள். ஆறிய சோற்றுக் கஞ்சியில் ஒரு டீஸ்பூன் பொடியைக் குழைத்து, ஒரு பிடி விதையில் பிசறி, நிழலில் அரை மணி உலர்த்தி, அன்றைக்கே ஊன்றிவிடுங்கள். வெயில் ஆகாது. பூச்சிமருந்து கலந்த விதையும் ஆகாது.

யூரியாவை அள்ளிப் போடாதீர்கள். சும்மா சாப்பாடு கிடைத்தால் யார் சமைப்பார்கள்? முடிச்சு குறைந்துவிடும், இலைதான் கருகருவென்று தழைக்கும், காய் இருக்காது. மக்கிய எரு போதும்.

முடிச்சு விடாத செடிக்குள்ளும் இப்படிப்பட்ட விருந்தாளிகள் உண்டு. 1988-ல் பிரேசில் நாட்டில் ஜோஹன்னா டோபரைனர் என்ற பெண் விஞ்ஞானியும் அவருடைய கூட்டாளியும், கரும்புக்குள்ளேயே வாழ்ந்து நைட்ரஜனைப் பிடிக்கும் பாக்டீரியாவைக் கண்டு சொன்னார்கள். கத்தரி, தக்காளிக்கு அசோஸ்பைரில்லம் இருக்கிறது. அது வேரைச் சுற்றியும், கொஞ்சம் வேருக்குள்ளும் வாழும். அதைக் கரைத்த தண்ணீரில் நாற்றின் வேரைக் கால் மணி நனைத்து நடுங்கள். எருவும் போடத்தான் வேண்டும், இது துணைக்குத்தான்.

அவரை காய்த்து ஓய்ந்ததும் வேரோடு பிடுங்காதீர்கள். தரையோடு நறுக்கிவிட்டு, வேரை மண்ணிலேயே மக்க விடுங்கள். அடுத்தாற்போல் அதே இடத்தில் கீரை விதையுங்கள். அந்தச் சத்து கீரைக்கும் போய்ச் சேரும்.