மில்க்ஷேக்கும் ஐந்தாவது டம்ளரும்

(பத்தாம் வகுப்பு, ஆ பிரிவு)

ஆண்டு மலருக்குக் கட்டுரை எழுதித் தரும்படி ஆசிரியை கேட்டபோது, "மில்க்ஷேக் பற்றி எழுதட்டுமா?" என்றேன். வகுப்பே சிரித்தது. கல்வியின் பயன், காலத்தின் அருமை, தாய்மையின் பெருமை என்று எத்தனையோ தலைப்புகள் இருக்க, சாப்பாட்டுச் சமாசாரமா என்று தோழியர் கேலி செய்தனர். ஆயினும் என் எண்ணத்தை நான் மாற்றிக்கொள்ளவில்லை. கடையில் கிடைக்கும் கெட்டியான மில்க்ஷேக்கை வீட்டிலேயே செய்யலாம், செய்யவும் வேண்டும் என்பது என் முதல் கருத்து. அதைச் செய்கிறவள், தான் எத்தனை டம்ளர் எடுத்து வைக்கிறாள் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பது இரண்டாவது கருத்து. இரண்டையும் முறையாகச் சொல்கிறேன்.

மில்க்ஷேக் அமெரிக்காவில் வளர்ந்த பானம். அதன் வரலாற்றில் நமக்கு நன்கு தெரிந்த ஒரு பெயரும் வருகிறது. இங்கிலாந்திலிருந்து அமெரிக்கா சென்ற வில்லியம் ஹார்லிக், ஜேம்ஸ் ஹார்லிக் என்ற சகோதரர்கள், விஸ்கான்சின் மாநிலத்து ரசீன் நகரில் மால்ட் மாவும் பாலும் சேர்ந்த ஒரு பொடியைத் தயாரித்து 1883-ஆம் ஆண்டு காப்புரிமை பெற்றனர். குழந்தைகளுக்கும் நோயாளிகளுக்கும் என்றே அது முதலில் செய்யப்பட்டது. நம் வீட்டு அலமாரியில் இருக்கும் ஹார்லிக்ஸ் புட்டியின் மூதாதை அதுதான். அமெரிக்க மருந்துக் கடைகளில் சோடாவும் குளிர்பானமும் விற்கும் மேடை ஒன்று இருப்பது அந்நாளைய வழக்கம். அங்கே இந்தப் பொடியைப் பாலிலும் சாக்லேட் பாகிலும் கலந்து கொடுத்தார்கள். 1922-இல் சிகாகோ நகரில் வால்கிரீன்ஸ் என்ற மருந்துக் கடையில் வேலை பார்த்த ஐவர் கூல்சன் என்பவர் அதில் இரண்டு கரண்டி வனிலா ஐஸ்கிரீமைப் போட்டுக் கலக்கினார். தண்ணீர் போல் ஓடிய பானம் கெட்டிப்பட்டது. வாங்குவோர் கூட்டம் பெருகியது. 1920 முதல் 1933 வரை அந்நாட்டில் மதுவிலக்கு இருந்தபடியால், நண்பர்கள் கூடிப் பேசும் இடமாகவும் இத்தகைய மேடைகள் விளங்கின.

டைனர் எனப்படும் சிறு உணவு விடுதிகளிலும் இப்பானம் இடம்பிடித்தது. நீண்ட மேடை, அதன் முன்னே வரிசையாக உயரமான முக்காலிகள், எதிரே நின்று கலக்கித் தரும் பணியாளர். உயரமான எஃகுக் குவளையில் ஐஸ்கிரீமும் பாலும் போட்டு இயந்திரத்தில் மாட்டுவார்கள். கலந்தபின் கண்ணாடி டம்ளரில் ஊற்றுவார்கள். குவளையில் மீந்திருப்பதை எடுத்துச் சென்றுவிடாமல், குவளையோடு அதையும் டம்ளருக்குப் பக்கத்திலேயே வைப்பது பல டைனர்களின் வழக்கம். மிச்சமும் வாங்கியவருக்கே சொந்தம். இந்த மிச்சத்தைப் பற்றிப் பின்னால் மீண்டும் பேசப் போகிறேன்.

இனி செய்முறைக்கு வருவோம். நம்மில் பலர் வீட்டில் செய்யும் மில்க்ஷேக் ஏன் நீர்த்துப் போகிறது? பாலை அதிகம் ஊற்றுகிறோம், ஐஸ்கட்டியைப் போடுகிறோம், மிக்ஸியை நெடுநேரம் ஓட்டுகிறோம். மூன்றும் தவறு. ஐஸ்கிரீமில் கொழுப்பும், நுண்ணிய பனித்துகள்களும், காற்றுக் குமிழ்களும் சேர்ந்து இருக்கின்றன. அவை கலையாமல் இருக்கும்வரைதான் கெட்டித்தன்மை. ஐஸ்கட்டி உருகினால் தண்ணீர்தானே? மிக்ஸியின் கூரிய கத்திகள் அதிவேகமாகச் சுழலும்போது உண்டாகும் சூடு, உள்ள பனியையும் உருக்கிவிடுகிறது.

ஆகையால் அரை லிட்டர் ஐஸ்கிரீமுக்குச் சுமார் 100 மில்லி பால் போதும். கொழுப்பு நிறைந்த பாலை முன்கூட்டியே காய்ச்சி, ஆறவைத்து, ஃப்ரிட்ஜில் நன்றாகக் குளிரவைக்க வேண்டும். டம்ளர்களையும் மிக்ஸி ஜாரையும் கால்மணி நேரம் ஃப்ரீசரில் வைத்துவிட வேண்டும். ஐஸ்கிரீமை ஐந்து நிமிடம் முன்னதாக வெளியே எடுத்தால் கரண்டி எளிதாக இறங்கும். முதலில் பால், பிறகு இரண்டு மேசைக்கரண்டி ஹார்லிக்ஸ், அதன்மேல் ஐஸ்கிரீம். விட்டுவிட்டு மூன்று நான்கு முறை சுற்றினால் போதும், மொத்தம் பதினைந்து விநாடிக்கு மேல் வேண்டாம். கரண்டியால் எடுத்தால் உடனே வழிந்துவிடாமல் சற்றே தயங்கி விழ வேண்டும். அதுவே பதம். இந்த அளவில் நான்கு சிறிய டம்ளர் கிடைக்கும்.

மின்சாரம் இல்லையே என்று வருந்த வேண்டாம். டைனர் இயந்திரத்தில் மிக்ஸியைப் போல் வெட்டும் கத்தி கிடையாது. நீண்ட தண்டின் முனையில் மழுங்கிய சிறு தகடு மட்டும் இருக்கும். அது வெட்டாமல் கலக்கும். நம் பாட்டி மோர் கடைந்த மத்தும் அதே வேலையைத்தானே செய்கிறது? சற்று இளகிய ஐஸ்கிரீமை ஆழமான எஃகுப் பாத்திரத்தில் இட்டு, பாலைச் சிறிது சிறிதாக விட்டு மத்தால் கடைந்து பாருங்கள். மிக்ஸியில் செய்ததைவிடக் கெட்டியாகவே வரும்.

கடையில் வாங்கும்போது பெட்டியின் மேல் எழுதியிருப்பதையும் படிக்க வேண்டும். ஐஸ்கிரீம் என்று விற்பதில் பால் கொழுப்பே இருக்க வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டம். தாவர எண்ணெய்க் கொழுப்பில் செய்தால் 'ஃப்ரோசன் டெசர்ட்' என்று பெட்டியில் குறிப்பிட வேண்டும். ஐஸ்கிரீம் வாங்க இயலாதவர்கள் நன்கு கனிந்த வாழைப்பழத்தைத் துண்டாக்கி இரவு முழுவதும் ஃப்ரீசரில் உறையவைத்து, குளிர்ந்த பாலோடு அரைக்கலாம். அதுவும் கெட்டியாக, வழுவழுப்பாக வரும். சர்க்கரையும் தேவைப்படாது. எப்படிச் செய்தாலும் இது தினமும் குடிப்பதற்குரியது அன்று, விடுமுறை நாளுக்கு உரியது என்பதைத் தோழியர் மறக்கக்கூடாது.

இதுவரை சொன்னது கைக்கான பாடம். இனிச் சொல்லப் போவது எனக்குக் கிடைத்த வேறொரு பாடம்.

டைனர்களைப் பற்றி அறிய விரும்பி நூலகத்தில் அமெரிக்க வரலாற்று நூல் ஒன்றைப் புரட்டினேன். அழகான முக்காலிகளின் படத்தைத் தேடிப் போன எனக்கு, அந்த முக்காலிகளில் எல்லோரும் உட்கார முடியாது என்ற செய்தி கிடைத்தது. வட கரோலினா மாநிலம் கிரீன்ஸ்பரோ நகரில் வூல்வொர்த் என்ற பெரிய கடை இருந்தது. கறுப்பின மக்கள் அங்கே சாமான் வாங்கலாம், ஆனால் உணவு மேடையில் அமர்ந்து சாப்பிடக்கூடாது. 1960-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் தேதி, கறுப்பினக் கல்லூரி மாணவர்கள் நால்வர் அங்கே சில பொருள்களை வாங்கிவிட்டு, அந்த மேடையில் அமர்ந்து காப்பி கேட்டனர். கொடுக்க மறுத்துவிட்டார்கள். மாணவர்கள் சண்டையிடவில்லை, எழுந்து போகவும் இல்லை. கடை மூடும்வரை அமர்ந்திருந்தனர். மறுநாளும் வந்தனர். பென்னட் மகளிர் கல்லூரி மாணவியரும் சேர்ந்துகொண்டனர். ஒரு வாரத்திற்குள் நூற்றுக்கணக்கானோர் திரண்டனர். அறப்போராட்டம் பல நகரங்களுக்கும் பரவியது.

அவ்வாண்டு ஜூலை 25-ஆம் தேதி கடை இணங்கியது. அன்று அந்த மேடையில் முதன்முதலாக அமர்ந்து சாப்பிட்ட கறுப்பினத்தார் யார் தெரியுமா? அந்தக் கடையிலேயே வேலை செய்துவந்த ஊழியர்கள். பிறர் உண்பதற்காக அதுவரை உழைத்தவர்கள், அன்றுதான் தாங்களும் அங்கே உட்கார்ந்தார்கள்.

இந்த இடத்தில் நான் நூலை மூடிவிட்டேன். ஏனெனில் முந்தின வாரம் எங்கள் வீட்டில் நடந்தது நினைவுக்கு வந்தது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. அப்பா, அம்மா, தம்பி, நான் ஆகிய நால்வருக்கும் நான்கு கண்ணாடி டம்ளரில் மில்க்ஷேக் ஊற்றினேன். பாத்திரம் துலக்க வரும் அக்கா அப்போது பின்கட்டில் இருந்தார். ஜாரின் அடியில் ஒட்டியிருந்ததில் கொஞ்சம் பால் விட்டுக் கலக்கி, அவருடைய டம்ளரில் ஊற்றிக் கொடுத்தேன். அவருடைய டம்ளர் என்றால், சமையலறை ஜன்னலோரம் தனியாகக் கவிழ்த்து வைத்திருக்கும் நசுங்கிய எவர்சில்வர் டம்ளர். "நல்லா இருக்கு பாப்பா" என்று சொல்லிக் குடித்துவிட்டு, அந்த ஜாரையும் எங்கள் நான்கு டம்ளர்களையும் அவரே கழுவி வைத்தார். நானும் நல்லதொரு காரியம் செய்ததாக மகிழ்ந்தேன்.

டைனரில் மிச்சம் விருந்தினருக்குத் தரும் மரியாதை. எங்கள் வீட்டில் அது வேறொன்றாக இருந்தது. நம் கிராமத்துத் தேநீர்க் கடைகளில் தாழ்த்தப்பட்ட மக்களுக்குத் தனிக் குவளை வைக்கும் இரட்டைக் குவளை முறையைப் பற்றிப் படித்திருக்கிறோம். நம் அரசியல் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955-இல் அதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கும் சட்டமும் வந்தது. அப்படியும் அந்தக் குவளைகளைப் பற்றிய செய்தி சில ஊர்களிலிருந்து இன்னும் வருகிறது. படிக்கும்போது நமக்குக் கோபம் வருகிறது. தேர்வில் ஐந்து மதிப்பெண்ணுக்கு அழகாக எழுதுகிறோம். ஆனால் நம் சமையலறை ஜன்னலோரம் ஒரு டம்ளர் கவிழ்ந்திருப்பது நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

"அது சுத்தத்திற்காக" என்று சிலர் சொல்லக்கூடும். நம் தட்டையும் டம்ளரையும் கழுவுகிற கை அவருடைய கை. அந்தக் கை கழுவிய டம்ளர் நமக்குச் சுத்தம், அவர் வாய் வைத்த டம்ளர் மட்டும் அசுத்தமா? "அவருக்கே அதுதான் பழக்கம்" என்று வேறு சிலர் சொல்லக்கூடும். பழக்கியது யார் என்பதே என் கேள்வி.

மறைக்கல்வி வகுப்பில் சமாரியப் பெண்ணின் கதையைப் பலமுறை கேட்டிருக்கிறோம். யூதர்கள் சமாரியரோடு உறவாடாத காலம் அது. களைத்துப் போய் யாக்கோபின் கிணற்றருகே அமர்ந்த இயேசுவிடம் தண்ணீர் மொள்ளப் பாத்திரம் இல்லை. அப்பெண்ணிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டார். அவளுடைய பாத்திரத்திலிருந்துதான் அவர் குடிக்க வேண்டும் என்பதை இத்தனை நாளும் நான் கவனித்ததே இல்லை. அவள் வியந்ததன் காரணம் இப்போதுதான் எனக்கு விளங்குகிறது.

அடுத்த ஞாயிறு மீண்டும் மில்க்ஷேக் செய்தேன். இம்முறை ஐந்து கண்ணாடி டம்ளர்களை ஃப்ரீசரில் வைத்தேன். அம்மா எண்ணிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அக்காவிடம் நீட்டியபோது அவர் வாங்கத் தயங்கினார். "கண்ணாடி கை நழுவிடும் பாப்பா, என் டம்ளரே போதும்" என்றார். "உடைந்தால் உடையட்டும் அக்கா" என்றேன். வாங்கிக்கொண்டு, வழக்கம்போல் பின்கட்டுப் படியிலேயே உட்கார்ந்தார். நாற்காலிக்கு அவரை அழைக்க எனக்கு அன்று துணிவு வரவில்லை என்பதையும் உண்மையாகச் சொல்லிவிடுகிறேன். என் டம்ளரை எடுத்துக்கொண்டு நானும் போய் அந்தப் படியில் உட்கார்ந்தேன். ஜன்னலோரத்து டம்ளர் இன்னும் அங்கேதான் இருக்கிறது. அதை அலமாரியில் மற்றவற்றோடு சேர்ப்பதற்கு அம்மாவிடம் பேச வேண்டும். இந்தக் கட்டுரையை அம்மா படித்தபின் பேசுவதாக இருக்கிறேன்.

கன்னியரும் பெற்றோரும் இச்சிறுமி அதிகம் பேசிவிட்டாள் என்று எண்ணினால் பொறுத்தருள வேண்டுகிறேன். தோழியரே, வரும் கோடை விடுமுறையில் நீங்களும் வீட்டில் மில்க்ஷேக் செய்து பாருங்கள். பாலைக் குறையுங்கள், ஐஸ்கட்டியைத் தவிருங்கள், மத்தால் கடையுங்கள். ஊற்றுவதற்கு முன், அன்று வீட்டில் இருப்பவர் அனைவரையும் ஒருமுறை எண்ணுங்கள், பின்கட்டில் இருப்பவரையும் சேர்த்து. நான்கு பேருக்கான அளவு ஐந்து பேருக்குப் போதுமா என்று கேட்கிறீர்களா? போதும். ஒவ்வொரு டம்ளரிலும் இரண்டு விரல் குறையும், அவ்வளவுதான். என் தம்பி மட்டும் சற்று முணுமுணுத்தான்.