வில்வ நிழலில் சூரிய விளக்கு

மார்கழி விடியலில் திருப்பள்ளியெழுச்சிக்கு வரும் முதியோர் இருளில் தடுமாறலாகாது என்று, எங்கள் ஊர்ச் சிவாலய நந்தவனத்துக்கு அன்பர் ஒருவர் சூரிய ஒளி விளக்குகளை உபயமாக அளித்தார். அவையோ முன்னிரவில் எரிந்துவிட்டு, நடை திறக்குமுன்னரே அணைந்தன. நிழல் தரும் வில்வக் கிளைகளைக் கழித்துவிடலாம் என்றனர் சிலர். தலவிருட்சத்தின் மீது அரிவாள் வைப்பதா!

விளக்கில் பழுதில்லை. சூரிய மின்தகட்டின் கலங்கள் சங்கிலிபோல் தொடராக இணைந்தவை. ஒன்றிரண்டின் மீது இலைநிழல் விழுந்தாலும் மின்சாரம் வெகுவாகக் குறைந்துவிடும். ஆகவே, தகடு ஓரிடத்திலும் விளக்கு வேறிடத்திலும் இருக்க, இடையே நீண்ட கம்பி செல்லும் வகையே மரத்தடிக்கு ஏற்றது. அவ்வாறே மாற்றி, வாகன மண்டபத்து மேல்தளத்தில் தெற்கு நோக்கிச் சற்றே சாய்த்துத் தகட்டைப் பொருத்தினோம். இடத்தைச் சித்திரையில் பார்த்து முடிவு செய்தல் ஆகாது. மார்கழியில் கதிரவன் தென்திசையில் தாழ்ந்து செல்வதால், கோபுர நிழலும் மர நிழலும் வடக்கே நீளும்.

இப்போது விடியும்வரை ஒளி உண்டு. புறாக்களின் எச்சம்தான் தொல்லை. பிரதோஷந்தோறும் தகட்டை ஈரத்துணியால் துடைக்கும் கைங்கரியத்தை இளைஞர்கள் ஏற்றுள்ளனர்.