கோன் எண்ணி ஸ்பீக்கர் வாங்காதீங்க

போன வருஷம் இன்டர்ன்ஷிப் ஸ்டைபண்ட் கைக்கு வந்ததும் நான் செஞ்ச முதல் காரியம், வீட்டுக்கு ஒரு ஜோடி ஸ்பீக்கர் வாங்கினது. 12,000 ரூபாய். எல்லாம் அப்பத்தாவுக்காக. அவங்களுக்கு இப்போ காது கொஞ்சம் மந்தம், டிவியோட சொந்த ஸ்பீக்கர் பத்தல. கடையில ஏறக்குறைய ஒரே விலையில ரெண்டு வகை இருந்தது: ஒரு அடி உயர டூ-வே, இடுப்பு உயர த்ரீ-வே டவர். "மூணு எப்பவும் ரெண்டை விட பெரிசுதானே தம்பி?" என்றார் கடைக்காரர். மூணு வருஷம் இ.சி.இ. படிச்சிருந்த நானும் தலையாட்டினேன்.

வீட்டுல மாட்டி சீரியல் போட்டதும் அப்பத்தா சொன்னாங்க: "சத்தம் நல்லாத்தான் வருது ராசா. என்ன பேசுறாங்கன்னுதான் வெளங்கல."

அந்த ஒரு வரிக்குப் பதில் தேடினதுல வந்ததுதான் இந்தக் கட்டுரை. என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். நம்மள மாதிரி பட்ஜெட்டும் நம்ம வீட்டு ஹாலும் இருக்கிறவங்களுக்கு, ஒழுங்கா செஞ்ச டூ-வேதான் சரி. மலிவு விலை த்ரீ-வேல பெரும்பாலும் நீங்க காசு குடுக்கிறது சத்தத்துக்கு இல்ல, எண்ணிக்கைக்கு.

முதல்ல, எதுக்கு ரெண்டு மூணு டிரைவர்? மனுஷக் காது கேட்கிற எல்லை சுமார் 20-ல இருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை. அலைநீளமா பார்த்தா 17 மீட்டர்ல இருந்து 1.7 சென்டிமீட்டர். இவ்வளவு பெரிய வித்தியாசத்தை ஒரே கோனால சமாளிக்க முடியாது. பேஸுக்கு நிறைய காத்தைத் தள்ளணும், அதுக்குப் பெரிய கோன் வேணும். உச்ச ஒலிக்கு வேகமா அதிரணும், அதுக்குச் சின்ன, லேசான டோம் வேணும். அதனால வூஃபர், ட்வீட்டர்னு வேலையைப் பிரிச்சு, நடுவுல கிராஸ்ஓவர்னு ஒரு ஃபில்டர் வைக்கிறாங்க. இதுதான் டூ-வே. பொதுவா 2,000-ல இருந்து 3,000 ஹெர்ட்ஸ் பக்கம் பிரியும்.

டூ-வேல குறையே இல்லையான்னா, இருக்கு. ஆறரை இன்ச் வூஃபரோட அகலம் சுமார் 16.5 செ.மீ. 2,000 ஹெர்ட்ஸ்ல அலைநீளம் 17 செ.மீ. அலைநீளம் கோனோட அகலத்துக்குச் சமமா வரும்போது சத்தம் எல்லாப் பக்கமும் பரவாம டார்ச் லைட் மாதிரி நேரா போக ஆரம்பிக்கும். இன்னொண்ணு, அதே கோன்தான் பேஸுக்காக முன்னும் பின்னும் ஓடணும், அதே நேரத்துல பாடகர் குரலையும் தரணும். சத்தம் கூடக் கூட குரல் கலங்கும். குரலுக்குன்னே தனியா ஒரு மிட்ரேஞ்ச் டிரைவர் வெச்சா ரெண்டு பிரச்சினையும் குறையும். த்ரீ-வேயோட நியாயமான காரணம் இதுதான். நல்ல த்ரீ-வே நிஜமாவே அருமையா இருக்கும்.

சிக்கல் அந்த "நல்ல"ங்கிற வார்த்தையில இருக்கு. 2,500 ஹெர்ட்ஸ்ல வூஃபரைப் பிரிக்க, 8 ஓம் ஸ்பீக்கருக்கு சாதாரண முதல் ஆர்டர் ஃபில்டர்ல சுமார் 0.5 மில்லிஹென்றி காயில் போதும். 400 ஹெர்ட்ஸ்ல பிரிக்க சுமார் 3.2 மில்லிஹென்றி வேணும். ஆறு மடங்குக்கு மேல. அவ்வளவும் செம்பு, அவ்வளவும் காசு. மிட்ரேஞ்சுக்குப் பெட்டிக்குள்ளேயே தனி அறை கட்டணும், இல்லன்னா வூஃபர் தள்ற காத்து அதையும் சேர்த்து ஆட்டும். ஜோடிக்கு நாலு டிரைவருக்குப் பதில் ஆறு, கூடவே பெரிய பெட்டி. இத்தனையும் அதே 12,000 ரூபாய்க்குள்ள வரணும்னா எங்கேயோ கை வெச்சிருப்பாங்க.

எங்க வெச்சாங்கன்னு பார்க்க டவரைத் திறந்தேன். கிராஸ்ஓவர் போர்டே இல்ல. மிட்ரேஞ்சுக்கு 10 மைக்ரோஃபாரட் கபாசிட்டர் ஒண்ணு, ட்வீட்டருக்கு 4.7 மைக்ரோஃபாரட் ஒண்ணு, அவ்வளவுதான். வூஃபருக்கு ஃபில்டரே கிடையாது. 1/(2πRC) ஃபார்முலாவை செமஸ்டருக்கு மனப்பாடம் பண்ணோமே, போட்டுப் பாருங்க. 8 ஓமுக்கு மிட்ரேஞ்ச் சுமார் 2,000 ஹெர்ட்ஸ்லயும் ட்வீட்டர் சுமார் 4,200-லயும் ஆரம்பிக்குது. மேல எதுவுமே யாரையும் நிறுத்தல. வூஃபரும் தன் பாட்டுக்கு மேல வரைக்கும் கத்துது. 3,000 ஹெர்ட்ஸ்ல அலைநீளம் பதினொண்ணரை செ.மீ.க்குள்ளதான். வேற வேற உயரத்துல இருக்கிற டிரைவர்கள்ல இருந்து வர்ற அதே ஒலி, பாதி அலைநீளம் தள்ளி வந்து சேர்ந்தா ஒண்ணை ஒண்ணு அழிச்சிடும்.

அழியறது எந்தப் பகுதின்னு கவனிங்க. "கடை"யா, "தடை"யா, "படை"யான்னு நம்ம காது பிரிச்சுப் பார்க்கிற மெய்யெழுத்துத் தகவல் நிறைய இருக்கிறது 2,000-ல இருந்து 4,000 ஹெர்ட்ஸ் பக்கம்தான். வயசானா முதல்ல மங்குறதும் உச்ச ஒலிகள்தான். ஏற்கனவே காது குறைச்ச இடத்துல ஸ்பீக்கரும் சேர்ந்து குறைச்சா அப்பத்தாவுக்கு என்ன விளங்கும்?

டூ-வேன்னா சின்னப் பசங்க சமாசாரம்னு நினைக்காதீங்க. 1970-களில் பிபிசி தன்னோட ஒலிபரப்பு வேன்களுக்காக வடிவமைச்ச எல்.எஸ்.3/5ஏ, சுமார் 30 செ.மீ. உயர டூ-வே. குரல் தெளிவுக்காக இன்னைக்கும் அதைத் தேடி வாங்குறாங்க. 1978-ல வந்த யமஹா என்.எஸ்.-10 உலகம் முழுக்க ஸ்டூடியோக்கள்ல உட்கார்ந்த வெள்ளைக் கோன் ஸ்பீக்கர், அதுவும் டூ-வே. அந்தப் பக்கம் அதே யமஹாவோட 1974 என்.எஸ்.-1000 வரிசை த்ரீ-வே. 30 செ.மீ. வூஃபர், பெரிலியம் டோம்கள், ஒரு பெட்டி 30 கிலோவுக்கு மேல. முழுசா செய்யணும்னா அவ்வளவு செய்யணும்.

அறையையும் மறக்காதீங்க. 12 அடி நீள ஹால்ல முதல் அதிர்வு சுமார் 47 ஹெர்ட்ஸ்ல விழும். அங்க பெரிய டவரை மூலையில நிறுத்தினா பேஸ் பம்மென்று ஊதும், குரல் அதுக்குள்ள முங்கும். பெரிய ஹால், தள்ளி உட்கார இடம், நல்ல பட்ஜெட் மூணும் இருந்தா தாராளமா த்ரீ-வே பாருங்க. இல்லன்னா டூ-வே வாங்குங்க, பேஸ் பத்தலன்னா பின்னாடி ஒரு சப்வூஃபர் சேர்த்துக்கலாம்.

கடைக்குப் போனா என்ன செய்யலாம்? ஸ்பெக் ஷீட்ல எத்தனை வேன்னு பார்க்கிறதுக்கு முன்னாடி கிராஸ்ஓவர் ஃப்ரீக்வன்சி போட்டிருக்கான்னு பாருங்க. பி.எம்.பி.ஓ. வாட்ஸை நம்பாதீங்க. குத்துப் பாட்டு போட்டுக் காட்டுவாங்க. நீங்க ஒரு செய்தி வாசிப்பைப் போடச் சொல்லுங்க. உட்கார்ந்து, எழுந்து, ரெண்டடி தள்ளி நின்னு கேளுங்க. நகர நகர குரல் ரொம்ப மாறினா டிரைவர்கள் ஒண்ணு சேரலன்னு அர்த்தம். முடிஞ்சா வீட்டுல யாருக்காக வாங்குறீங்களோ அவங்களையும் கூட்டிட்டுப் போங்க. நான் அதைத்தான் செய்யல.

இப்போ ஒரு சீனியர் அண்ணன்கிட்ட வாங்கின பழைய அஞ்சேகால் இன்ச் டூ-வே ஓடுது, ட்வீட்டர் அப்பத்தா காது மட்டத்துல. போன வாரம் ஒரு சீரியல்ல மாமியார் ஏதோ முணுமுணுத்தாங்க. எனக்குப் புரியல. அப்பத்தாதான் திரும்பி எனக்கு விளக்கம் சொன்னாங்க. டவர் ரெண்டும் மாடியில இருக்கு, ஒண்ணு மேல துளசித் தொட்டி.