தழும்பை மறைக்கலாம், செய்தியை மறைக்கலாமா?



பல் மருத்துவக் குழுவினர் பள்ளிக்கு வருமுன் ஒப்புதல் பாரங்களைத் திரட்டுவது வகுப்பாசிரியரின் பணி. சில ஆண்டுகளுக்கு முன் அவ்வாறு திரட்டியபோது ஒரு பாரம் என்னைத் திடுக்கிட வைத்தது. நோய் ஏதேனும் உண்டா என்ற வினாவுக்கு ஒரு மாணவியின் தாயார் 'இல்லை' எனக் குறித்திருந்தார். நான்கு மாதங்களுக்கு முன்னர்தான் அக்குழந்தையின் இருதயத்தில் இருந்த ஓட்டையை ஒட்டுப்போட்டு அடைத்திருந்தார்கள்.

அழைத்துக் கேட்டேன். "ஆப்பரேஷன்தான் முடிஞ்சிருச்சே டீச்சர், இப்ப நோய் இல்லையே. எழுதினா மத்த பிள்ளைங்க ஒதுக்கிருவாங்க" என்றார். ஒரு தாயின் அச்சம் அது. நான் குறை கூறவில்லை. ஆயினும், மறைப்பதால் வரும் ஆபத்து பெரிது.

பல்லைப் பிடுங்கும்போது வாயிலுள்ள கிருமிகள் இரத்தத்தில் கலக்கின்றன. நலமான இருதயம் அவற்றைப் பெரும்பாலும் வென்றுவிடும். செயற்கை வால்வு பொருத்தப்பட்ட இடத்திலும் புதிதாக ஒட்டுப்போட்ட இடத்திலும் அவை தங்கிப் பெருகக்கூடும். இருதய உட்சவ்வு அழற்சி எனப்படும் அந்நோய் உயிரையே பறிக்க வல்லது. அதனால்தான் இத்தகையோருக்குச் சிகிச்சைக்கு 30 முதல் 60 நிமிடங்களுக்கு முன் ஒரே ஒரு வேளை நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து (அண்டிபயாடிக்) தரவேண்டும் என மருத்துவ வழிகாட்டிகள் கூறுகின்றன.

யாருக்கெல்லாம் தேவை? அமெரிக்க இருதயச் சங்கம் 2007-இல் பட்டியலைச் சுருக்கியது. செயற்கை வால்வு உள்ளோர், இந்நோய் முன்பே கண்டோர், பிறவி இருதயக் குறைபாட்டுள் சிலவகை உடையோர் முதலியோருக்கே அது தேவை. செயற்கைப் பொருளால் ஓட்டை முழுமையாக அடைக்கப்பட்டிருந்தால் முதல் 6 மாதங்களுக்கு மட்டும். எதற்கும் இருக்கட்டும் என்று எல்லாருக்கும் கொடுப்பது முறையன்று.

அறுவைச் சிகிச்சையிலும் இதே கணக்குத்தான். கத்தி வைப்பதற்கு முந்திய 60 நிமிடங்களுக்குள் மருந்து செலுத்தி, பொதுவாக 24 முதல் 48 மணி நேரத்துக்குள் நிறுத்திவிடுவர். காயம் ஆறும்வரை கொடுக்கவில்லையே என்று மனம் கலங்க வேண்டாம்; அளவுக்கு மீறினால் கிருமிகள் மருந்துக்கு அடங்காதனவாக மாறும். பெனிசிலினைக் கண்டறிந்த பிளெமிங், 1945-இல் நோபல் பரிசு உரையிலேயே, குறைவாக உண்டாலும் கிருமிகள் பழகிக்கொள்ளும் என எச்சரித்தார். ஆகவே கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். அண்ணன் மிச்சம் வைத்த மாத்திரையைத் தங்கைக்குக் கொடுக்கவும் வேண்டாம்.

கிளேபாங்கிலிருந்து தேசிய இருதயக் கழகம் உள்ள கோலாலம்பூருக்கு ஏறத்தாழ 150 கிலோமீட்டர். அவ்வளவு தூரம் அலைந்து காப்பாற்றிய குழந்தையை ஒரு பாரத்தின் சிறு கட்டத்தில் கைவிடலாமா?

பெற்றோரே, மருத்துவர் தந்த கடிதத்தின் நகலைப் பள்ளியில் கொடுங்கள். பல் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். மருந்து தேவையா என்பதை இருதய மருத்துவர் முடிவு செய்யட்டும். நாள்தோறும் இருவேளை பல் துலக்குவதை மட்டும் நீங்களே முடிவு செய்யுங்கள்.

ஆசிரியர்களே, அச்செய்தியை வகுப்பில் உரக்கப் படிக்காதீர்கள். நாம் இரகசியம் காப்போம் என்ற நம்பிக்கை இருந்தால்தான் தாய் உண்மையை எழுதுவார்.

அந்தத் தாயார் பாரத்தைத் திருத்திக் கொடுத்தார். வகுப்பில் எவருக்கும் தெரியவில்லை, தெரியவேண்டியவருக்குத் தெரிந்தது.

அன்புடன்,
கிளேபாங்கிலிருந்து ஓர் ஆசிரியை